காட்கோபர் அப்ராருக்குச் சாவி கொடுக்காத விவரம்

தாராவி, மும்பை.
செவ்வாய்க்கிழமை, லுஹர் தொழுகைக்குப் பின்.

மஸ்கட்டில் இருக்கும் என் அன்பு மாப்பிள்ளை ஷகீல் அவர்களுக்கு, உங்கள் மாமா கரீம் பாட்சாவின் ஸலாம். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே நானும் உங்கள் மாமி அக்தர் பானுவும் உங்கள் மனைவி அஸ்ரினும் சுகம். என் தோல் பட்டறையும் சுகம். அங்கே உங்கள் உடம்பும் வேலையும் நல்லபடி இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிறோம். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் இனாயத்துல்லா பாயிடம் மாமி போட்ட மாங்காய் ஊறுகாயும் கொடுத்திருக்கிறேன். அவர் வழியில் ருசி பார்க்கக்கூடிய மனிதர் என்பதால் பாட்டிலைத் தோல் பையில் வைத்து, வாயைத் தைத்தே கொடுத்துவிட்டேன். பிளேடால் பிரித்துக்கொள்ளவும்.

போனில் சொல்ல வேண்டிய சங்கதியைக் கடிதத்தில் எழுதுகிறேனே என்று நினைக்காதீர்கள். போனில் பேசினால் பாதியில் நீங்கள் "ஒரு நிமிஷம் மாமா" என்பீர்கள், எனக்குச் சொல்ல வந்தது மறந்து, ஊரில் மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். மூன்று முறை அப்படித்தான் ஆயிற்று. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது.

சங்கதி உங்கள் மோட்டார் சைக்கிளைப் பற்றியது. போன மாதம் நீங்கள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜில், "மாமா, சைலன்சர மாத்துனதுலேருந்து வண்டி சரியில்ல, வாசல்ல சும்மா நின்னு வீணாப் போவுது. காட்கோபர் அப்ரார் வெலைக்குக் கேக்கான். வந்தா சாவியக் குடுத்துருங்க" என்று சொல்லியிருந்தீர்கள். மாப்பிள்ளை சொல்லைத் தட்டுவது நம் குடும்பத்தில் வழக்கமில்லை. ஆனாலும் சாவியை நான் கொடுக்கவில்லை. ஏனென்றால் வண்டி சும்மா நிற்கவில்லை. ஓடுகிறது. நான் ஓட்டுகிறேன். ஆமாம் மாப்பிள்ளை, நானேதான். ஐம்பத்தொன்பது வயதில், முழங்கால் வலியோடு, இந்த மனிதருக்கு இது தேவையா என்று கேட்பீர்கள். முதலில் பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று தினமும் ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தேன். பிறகு சந்து முனை வரை. பிறகு செம்பூர் வரை. இப்போது காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் வடாலா, செம்பூர், ட்ராம்பே என்று ஒரு சுற்றுப் போய் வருகிறேன். ஆசை யாரை விட்டது. அஸ்ரின் வழக்கம்போல் பஸ்ஸில்தான் வேலைக்குப் போய் வருகிறாள். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் மாட்டிவிட்டுப் போன புதுச் சைலன்சர் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதை மாட்டிய நாளிலிருந்து வண்டி குணம் மாறிவிட்டது என்று நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. மெதுவாகப் போனால் திக்கித் திக்கி இழுக்கிறது. வேகத்தைக் குறைத்தால் பின்னால் பட்டாசு வெடிக்கிறது. மாட்டுங்காவில் பூக்கடைக்காரர் ஒருவர் கட்டிக்கொண்டிருந்த சாமந்தி மாலையைப் போட்டுவிட்டு எழுந்தே நின்றுவிட்டார். சூடு தாங்க முடியவில்லை. குழாய் நீலம் பாய்ந்துவிட்டது. ஒருநாள் வலது காலில் சுட்டுக் கொப்புளமே வந்துவிட்டது. அஸ்ரினுக்கு மாமி களிம்பு போட்டாள். அதாவது, அஸ்ரின் எனக்குப் போட்டாள். வயதாகிவிட்டது, எழுதும்போது கை தவறுகிறது.

சுடுகிறது என்றால் தோல்காரன் என்ன செய்வான்? உறை தைப்பான். நல்ல எருமைத் தோலில், இரட்டைத் தையல் போட்டு, மூன்று பக்கிள் வைத்து சைலன்சருக்கு ஒரு சட்டை தைத்துவிட்டேன். போட்டு நிறுத்தியபோது அப்படி ஒரு அழகு. அஸ்ரின் பார்த்துவிட்டு, "வாப்பா, இது வேணாம், எரிஞ்சிரும்" என்றாள். நாற்பது வருடம் தோலில் கிடந்தவனுக்கு நேற்று வந்த பிள்ளை சொல்வதாவது என்று நான் கேட்கவில்லை. வண்டி சயான் வரை போய்த் திரும்பிச் சந்துக்குள் நுழைவதற்குள் ஊரே கூடிவிட்டது. எதிர்வீட்டுச் செண்பகவல்லி அக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, "என்ன பாய், பக்ரீத் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சு, இன்னும் யாரு வீட்ல ஆட்டுக்கால் வாட்டுதாவ?" என்று கேட்டாள். நான் ஒன்றும் தெரியாதவன் போல நானும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். பக்கிள் மூன்றும் சைலன்சரில் ஒட்டிக்கொண்டுவிட்டன. உளியால் எடுத்தோம். கீறல் ஒன்று விழுந்திருக்கிறது. கண்ணை இடுக்கிப் பார்த்தால்தான் தெரியும், தயவுசெய்து இடுக்க வேண்டாம்.

அதன் பிறகுதான் வடாலாவில் மெக்கானிக் மாரிக்கண்ணனிடம் கொண்டுபோனது. நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆள், ஒளிவு மறைவு இல்லாமல் பேசுவார். வண்டியைச் சுற்றி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பாய், வண்டி பட்டினி கெடக்கு. புதுச் சைலன்சர்ல புகை லேசா வெளிய போயிருது, அதனால காத்து நெறய உள்ள வருது. ஆனா பெட்ரோல் பழைய அளவுலதான வருது? அதான் சூடு, அதான் வெடி. காத்துக்கு ஏத்த பெட்ரோல் விட ஒரு டியூனர் பெட்டி மாட்டணும்" என்றார். எந்தப் பெட்டி என்று கேட்டதற்கு, "அத நீங்க பாத்து வாங்கிட்டு வாங்க. நான் ஒண்ணச் சொன்னா கமிஷன் வாங்குதான்ம்பீய" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

இங்கேதான் மாப்பிள்ளை, என் வாழ்க்கையிலேயே நான் செய்த பெரிய முட்டாள்தனத்தை மனம் விட்டு எழுதுகிறேன். உதிரிபாகக் கடையில் மூன்று பெட்டிகளைக் காட்டினார்கள். ஒன்று அட்டைப் பெட்டியில், ஒன்று பிளாஸ்டிக் உறையில், மூன்றாவது கறுப்புத் தோல் பௌச்சில். மற்ற இரண்டை நான் கையால் தொடவே இல்லை. பௌச்சை வளைத்துப் பார்த்தேன், நகத்தால் கீறிப் பார்த்தேன், முகர்ந்து பார்த்தேன். அசல் ஆட்டுத்தோல். அங்குலத்துக்கு எட்டுத் தையல், ஒன்றுகூடப் பிசகவில்லை. ஓரத்தைத் தேய்த்து மெழுகு பூசியிருந்தார்கள். உறைக்கே இவ்வளவு பாடுபட்டவன் உள்ளே இருக்கும் சாமானுக்கு எவ்வளவு பாடுபட்டிருப்பான் என்று கணக்குப் போட்டேன். கடைக்காரன், "ஜெர்மன் மால் ஹை சாச்சா" என்றான், ஜெர்மன் சரக்காம். ஜெர்மன்காரன் தையலுக்கு ஈடு கிடையாது என்று நானும் அவனுக்கே பாடம் சொல்லிவிட்டு வாங்கி வந்தேன்.

மாட்டிய இரண்டாம் நாள் வண்டி கறுப்புப் புகை கக்கியது. சந்தில் காய வைத்திருந்த வேட்டி, சட்டை, செண்பகவல்லி அக்காவின் வடகம் எல்லாம் ஒரே நிறம். பெட்ரோல் தண்ணீராகப் போயிற்று. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. மாரிக்கண்ணன் பெட்டியை உடைத்துக் காட்டினார். உள்ளே மெழுகு ஊற்றி அடைத்திருந்தது, நடுவில் அரிசி அளவுக்கு ஒரே ஒரு சாமான். "இது வெளிக்காத்து ஐஸ் மாதிரி குளிருதுன்னு வண்டிட்டப் பொய் சொல்லும், பாய். அது நம்பி எந்நேரமும் பெட்ரோல ஊத்தும். மும்பையில எங்க ஐஸ் இருக்கு?" என்றார். எனக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு நல்ல பௌச் வைத்தவன் இப்படிச் செய்வானா என்று பௌச்சை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் பார்த்தேன். தையல் முடியும் இடத்தில் மூன்று முறை திருப்பிப் போட்ட பூட்டு. எல்லாரும் இரண்டு முறைதான் திருப்பிப் போடுவார்கள். தாராவியில் மூன்று முறை போடுகிற ஆள் ஒருவன்தான், அவன் நான். ஆறு மாதத்துக்கு முன் ஒரு வியாபாரி வந்து, ஏதோ மிஷின் சாமானுக்கு என்று இருநூறு பௌச் தைத்து வாங்கிப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் கையை நானே மெச்சி, என் தையலை நானே ஜெர்மன் என்று சொல்லி வாங்கி வந்திருக்கிறேன். மாமி இரண்டு நாள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். தற்புகழ்ச்சி என்று நினைக்கக் கூடாது, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஐந்து நாள் காலையில் ஒரே நேரம், ஒரே வழி, ஒரே பங்க் பெட்ரோல் என்று வண்டியை ஓட்டி, எங்கே இழுக்கிறது, எங்கே வெடிக்கிறது, எந்த கியரில், எவ்வளவு வேகத்தில் என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். செம்பூர் மேம்பாலம் ஏறும்போது சுகம், இறங்கும்போது நான்கு வெடி. ட்ராம்பே போகும் வழியில் டேங்கர் லாரிகளுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் திக்கல். இப்படிப் பத்துப் பக்கம். மாரிக்கண்ணன் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இருவது வருசத்துல வண்டிக்கு என்ன நோவுன்னு இப்படி யாரும் எழுதிக்கிட்டு வரல" என்றார். அதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக் கூட்டவில்லை.

அடுத்து கடை கடையாகப் போய் விலை கேட்காமல் மூன்று கேள்வி கேட்டேன். இந்த வண்டிக்கு, இந்தச் சைலன்சருக்கு என்று பார்த்து எழுதிய அளவுகள் பெட்டியில் உண்டா, இல்லை எல்லாருக்கும் ஒரே அளவா? இரண்டாவது, சைலன்சர் குழாயில் மூக்கு மாதிரி ஒரு சென்சர் இருக்கிறதே, அது புகையை மோந்து பார்த்து, பெட்ரோல் அதிகம் என்று மறுபடியும் குறைத்துவிட்டால் உங்கள் பெட்டி என்ன செய்யும்? மூன்றாவது, நாளைக்கே வண்டியின் சொந்தக்காரர் வந்து பழைய சைலன்சரை மாட்டு என்றால், பெட்டியைக் கழற்றிவிட்டு வண்டியைக் கம்பெனியில் வந்தபடி ஆக்க முடியுமா? இரண்டாவது கேள்வியிலேயே பாதிப் பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். ஒருவர் வண்டியின் மூளையையே திறந்து புதிதாக எழுதித் தருகிறேன் என்றார். அது நல்ல வழிதானாம், மாரிக்கண்ணனும் சொன்னார். ஆனால் உங்களைக் கேட்காமல் உங்கள் வண்டியின் மூளையில் கை வைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக மறுத்துவிட்டேன். அந்த இடத்தில் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது, மாப்பிள்ளை. எவ்வளவு யோசனை, எவ்வளவு பொறுமை, யார் வளர்த்த பிள்ளை என்று தோன்றியது.

கடைசியில் அந்த மூக்கையும் சேர்த்துச் சரிக்கட்டுகிற, வேண்டும்போது அளவை மாற்றிக்கொள்கிற, ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடக்கூடிய ஒரு பெட்டி வாங்கப்பட்டது. மூன்றாம் தர அட்டையில் வைத்துக் கொடுத்தார்கள். பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு வார்த்தை பேசாமல் வாயை மூடிக்கொண்டு நின்றேன். நோட்டில் இருந்த பத்துப் பக்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாரிக்கண்ணன் அளவை மாற்றுவார், நான் ஓட்டிவிட்டு வந்து சொல்வேன், மறுபடி மாற்றுவார். மூன்று நாள். முடிவில் பிளக்கைக் கழற்றி, நிறம் சரியா என்று தெரியாமல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து பார்த்தேன். பட்டை போட்டுப் பதனிட்ட ஆட்டுத்தோலை எண்ணெய் தடவுவதற்கு முன்னால் பார்த்தால் இருக்குமே, இளம் பழுப்பு, அதே நிறம். "இதுக்கு மேல போனா கருக்கும், இதுக்குக் கீழ போனா வெளுக்கும், இத்தோட நிறுத்துங்க" என்றேன். மாரிக்கண்ணன் என்னைப் பார்த்து, "பாய்க்கும் ஒண்ணு தெரிஞ்சிருக்கு" என்றார். என் சந்தோஷத்தை என்னவென்று சொல்ல.

இப்போது வண்டியை வந்து பாருங்கள். வெடி இல்லை, திக்கல் இல்லை. காலில் சூடு ஏறுவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. சந்துக்குள் வரும்போது செண்பகவல்லி அக்கா வடகத்தை எடுத்து உள்ளே வைப்பதில்லை. செம்பூரில் டிராபிக் ஹவில்தார் ஒருவர் சைலன்சரைப் பார்த்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். இன்ஜினை ஓடவிட்டுக் குனிந்து கேட்டார், காகிதங்களைப் பார்த்தார், புகைச் சான்றிதழைப் பார்த்தார். பிறகு, "ஏக்தம் மஸ்த் டியூனிங் ஹை, தீ..." என்று டியூனிங்கை மெச்சி ஏதோ சொல்லிப் போகச் சொன்னார். சாச்சா என்றுதான் சொல்லியிருப்பார்.

இப்போது ஆபத்துக்கு வருகிறேன். போன வெள்ளி ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு அப்ரார் வந்தார். பழுதான வண்டி என்று நினைத்து வந்தவர். ஸ்டார்ட் செய்ததும் முகம் மாறிவிட்டது. ஒரு சுற்றுப் போய் வந்து, "சாச்சா, இந்த வண்டியவா ஷகீல் விக்கான்? பாகலா, பைத்தியமா அவன்?" என்று கேட்டு, வருகிற ஞாயிற்றுக்கிழமை முழுத் தொகையோடு வருகிறேன் என்று சொல்லிப் போயிருக்கிறார். கெட்டுக் கிடந்தவரை வேண்டா வெறுப்பாகக் கேட்டவர், சரி செய்ததும் விடமாட்டேன் என்கிறார். சாவி காணவில்லை என்று சொல்லலாமா என்று யோசித்தேன். தொழுதுவிட்டு வந்த கையோடு பொய் சொல்ல நா எழவில்லை. ஆகவே மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைக்குள் அப்ராருக்கு நீங்களே ஒரு போன் போட்டு, வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட வேண்டும். இந்த வண்டி இந்த வீட்டை விட்டுப் போவதை என்னால் தாங்க முடியாது. காலையில் அது கிளம்பும் சத்தம் கேட்டால்தான் எனக்கு டீ இறங்குகிறது. எனக்காக ட்ராம்பேயில் சிலர் வெறும் வயிற்றோடு காத்திருக்கிறார்கள். அவர்கள் யார் என்று கேட்க வேண்டாம்.

ஊரில் உங்கள் உம்மாவுக்கு எங்கள் ஸலாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் தலையைக் காட்டாதீர்கள். அல்லாஹ் உங்கள் ஆயுளிலும் சம்பாத்தியத்திலும் பரக்கத் செய்வானாக. லீவில் வரும்போது எனக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் நலம் நாடும் மாமா,
கரீம் பாட்சா

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அஸ்ரின் வேலையிலிருந்து வந்து, இந்தக் கடிதத்தை எடுத்து, தமிழ்ப் பள்ளியில் படிக்காதவள் என்பதால் எழுத்துக்கூட்டி, வாய்விட்டு, முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டாள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முடித்துவிட்டு, "வாப்பா, நீங்க எப்ப வண்டி ஓட்டுனீங்க? என் பின்னாடி ஒக்காந்தாலே கண்ண மூடிக்கிடுவீங்களே. இந்த ஜூட்டு, பொய்யெல்லாம் எதுக்கு? நான் என்ன சோரியா பண்ணுதேன், திருட்டா?" என்று கேட்டாள். நீங்கள் கோபப்படுவீர்களோ, உங்கள் உம்மா ஏதாவது சொல்வார்களோ என்று பயந்தது நான்தான், அவள் இல்லை. ஆகவே திருத்தம்: எனக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. சைக்கிளும் தெரியாது. ஹவில்தார் சொன்னதும் சாச்சா இல்லை, தீதி, அதாவது அக்கா. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிற வேலைக்கு அவள் பஸ்ஸில் போனபோது காலையில் நான்கு வீடுதான் முடிந்தது. இப்போது ஒன்பது வீடு. ட்ராம்பேயில் டீ குடிக்காமல் வெறும் வயிற்றோடு காத்திருக்கிற சர்க்கரைக்காரர்கள் அவளுக்காகத்தான் காத்திருக்கிறார்கள். மேலே புத்திசாலித்தனமாக வருகிற "நான்" எல்லாம் அஸ்ரின். சைலன்சருக்குச் சட்டை தைத்த, பௌச்சைப் பார்த்துப் பெட்டி வாங்கிய, பிளக்கின் நிறம் சொன்ன "நான்" மட்டும் நான். அவளை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது மாப்பிள்ளை, அதை அவள் பெயரில் எழுதத் தைரியமில்லாமல் என் பெயரில் எழுதிவிட்டேன். அப்ராருக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது இனி உங்கள் இஷ்டம். சாவியை அவளிடம் கேட்டுப் பார்த்தேன், தர மாட்டேன் என்கிறாள். உங்களுக்குப் பயமில்லை என்றால் நீங்களே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளவும்.